அசையாமப் படு

ரயில் அந்த நாளில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கப்பால் பதுளைக்கும், பதுளையைத் தாண்டி லுணுகலைக்கும் போகிற எதுவும் மாட்டுவண்டியில்தான் ஏறவேண்டும். வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை ஓய்ந்த பிறகு, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் உழைத்துத் தேய்ந்த எக்ஸ்ரே மெஷின் ஒன்று அப்படித்தான் மடுல்சீமைப் பக்கமிருந்த வெள்ளக்கல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. வாங்கிப் போட்டவர் தோட்டத்துத் துரை. அவருக்கு வெகுநாளாக ஒரு எரிச்சல். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வராமல், முதுகு நோவு என்று லயத்து வரிசை வீடுகளில் முடங்குகிறவர்களில் யாருக்கு நிஜமாகவே நோவு, யார் பாசாங்கு செய்கிறார்கள் என்று தெரியவில்லை. எலும்பையே படம் பிடித்துப் பார்த்துவிட்டால் பிறகு யார் பொய் சொல்ல முடியும்?

மெஷினை வைக்க இருட்டான இடம் வேண்டும். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றிக் கிடைக்கும் மின்சாரமும் எட்டவேண்டும். இரண்டுக்கும் பொருந்தி வந்தது ஒரு கல் கட்டிடம். கோப்பிக் காலத்தில் மூட்டை அடுக்கக் கட்டியது. கோப்பி நோயில் அழிந்த பிறகு வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்தது.

ராமலட்சுமி அங்கே முதன்முதலாகப் போனது ஒரு மழைக் காலையில். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருந்தவள் அவள். பெண்களைத் தொட்டுப் படுக்கவைக்க ஒரு பெண் வேண்டும் என்று டாக்டர் மயில்வாகனம் வரச் சொல்லியிருந்தார். வாசலைத் தாண்டியதும் தரையின் குளிர் பாதத்தைக் கவ்வியது. பழைய கோப்பிக்கொட்டை வாசம். அதற்கடியில் நனைந்த சாக்கின் புளிப்பு. அதற்கும் அடியில், இன்னதென்று சொல்ல வராத ஒரு திகட்டல் இனிப்பு. எங்கோ எலி செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்படத் தெரியாத மனிதர். பலகை மேசையைத் தட்டிக் காட்டினார்.

"இஞ்ச பார், ராமலட்சுமி. முதுகெலும்பு நேர்த் தடி எண்டு நினைச்சிராதை. கழுத்தில ஏழு முள்ளெலும்பு, நெஞ்சுக்குப் பின்னால பன்னிரண்டு, இடுப்பில ஐஞ்சு. எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு போகும். ஆளை மல்லாத்தினா இடுப்புக்குக் கீழ உன்ர கை போற அளவு இடைவெளி இருக்கும். அது இருந்தாப் படம் கலங்கும். முழங்காலை மடிச்சு விடு. இடுப்பு தானா இறங்கித் தகட்டில ஒட்டும்."

"அசைஞ்சா ஐயா?"

"அசைஞ்சா எல்லாம் வீண். ரெண்டு பக்கமும் மணல் பை வை. மூச்சை அடக்கச் சொல்லு. நான் சொல்லுமட்டும் அசையக்கூடாது."

அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். கறுப்புத் தாள் சுற்றிய கண்ணாடித் தகட்டை முதுகுக்கு அடியில் செருகுவது, கழுத்தெலும்புக்குத் தாடையைத் தூக்கி வைப்பது, பக்கவாட்டுப் படமென்றால் ஒருச்சாய்த்து, இடுப்புக்குத் தலையணை கொடுத்து, முதுகுத்தண்டு தொய்யாமல் நேராக ஓடும்படி செய்வது. எல்லாம் அவள் கைக்கு வந்தது.

முதலில் வந்தவள் பெரியாயி. வயதான கொழுந்துக்காரி. கூடை சுமந்து சுமந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. ராமலட்சுமி அவளை மல்லாத்தி, முழங்காலை மடித்து, இடுப்புக்கடியில் கையை விட்டுப் பார்த்தாள். இடைவெளி மூடவில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் படுங்க அக்கா."

"அழுத்தத்தான் செய்றேன் புள்ள. அடியில ஏதோ முட்டுது."

"கண்ணாடிதான் அது."

"கண்ணாடி இல்ல." பெரியாயி குரலைத் தாழ்த்தினாள். "முடிச்சு முடிச்சா இருக்கு."

ராமலட்சுமி கையை இன்னும் உள்ளே நீட்டினாள். உள்ளங்கையில் பெரியாயியின் முதுகு பட்டது. சூடாக, வியர்வையோடு, முள்ளெலும்புகள் வரிசையாக.

புறங்கையிலும் ஒரு வரிசை பட்டது.

அது சில்லென்றிருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அதற்குள் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டார். மெஷின் கடகடவென்று பொரிந்தது. பெரியாயிக்கு மேலே தொங்கிய கண்ணாடிக் குமிழ் பச்சையாக ஒளிர, இடி விழுந்த மரத்தைப் போல அறை முழுக்க ஒரு கருகல் நெடி பரவியது. அந்தப் பச்சை வெளிச்சத்தில் பெரியாயி கண்ணை அகலத் திறந்து, மூச்சை அடக்கி, கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மேசையிலிருந்துதான். பெரியாயியிடமிருந்து அல்ல.

பக்கத்து அறையில், சிவப்பு விளக்கடியில் டாக்டர் தகட்டை மருந்துத் தண்ணீரில் ஆட்டினார். கறுப்புக்குள் வெள்ளையாக இடுப்பெலும்பு தெரிந்தது. விலா தெரிந்தது. நடுவே முதுகுத்தண்டு. அதை ஒட்டினாற்போல் இன்னொரு தண்டு.

"அசைஞ்சிட்டா. அதுதான் ரெண்டாத் தெரியுது," என்றார் டாக்டர்.

பிறகு தகட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அசைந்திருந்தால் ஒரே எலும்பு இரண்டு முறை விழுந்திருக்கும். இது அப்படியில்லை. பெரியாயியின் தண்டு தேய்ந்திருந்ததே தவிர முழுசாக இருந்தது. மற்றதில் இடுப்பின் மேல் எலும்பு ஒன்று நசுங்கி, அதற்குக் கீழே எல்லாமே முறித்துப்போட்ட கிளை மாதிரித் திரும்பிக் கிடந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றார். அவர் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

பெரியாயி அன்று தன் காலால் நடந்துதான் லயத்துக்குப் போனாள். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு காலும் செத்துவிட்டன. எலும்பில் முறிவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவள் நடிக்கிறாள் என்றார் துரை. கங்காணி அவளைத் தூக்கி வந்து பெரட்டில் உட்கார்த்தி வைத்தான். மழை ஓய்வதற்கு முன்னே அவளை மலையடியில் புதைத்தார்கள்.

அவளுக்குப் பிறகு ஒரு மூட்டை தூக்குகிறவன். அவனுக்குப் பிறகு புல்வெட்டுக்காரன் மனைவி. டாக்டர் பலகையை மாற்றிப் பார்த்தார். புதிய பலா மரத்தில் மேசையே செய்யச் சொன்னார். எதுவும் உதவவில்லை. யார் மல்லாந்து படுத்தாலும் அவர்களுக்கு அடியில் அது முன்கூட்டியே படுத்திருந்தது. அது எழும்பவில்லை. யாரையும் பிடித்து இழுக்கவில்லை. சும்மா கிடந்தது. மேலே படுத்தவர்களின் கால்தான் செத்தது.

லுணுகலையில் கடை வைத்து, வண்டியும் ஓட்டிக்கொண்டிருந்த ஹாஷிம் நானாவிடம் ராமலட்சுமி ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்கப் போனபோது, தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஷிம் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தக் கட்டிடத்தத் தொறந்ததே பிழை புள்ள. எங்க வாப்பா அங்கருந்து கோப்பி ஏத்துனவர். கடேசி லோடு ஏத்தின அன்னிக்கு மூட்ட அடுக்கு சரிஞ்சு ஒரு பொம்பள மேல விழுந்திச்சாம். முதுகு ஒடஞ்சிருச்சு. 'அசையாமப் படு, ஆளக் கூட்டிட்டு வாறேன்'னு சொல்லிட்டுக் கங்காணி போயிருக்கான்."

"வரலயா நானா?"

"தோட்டம் திவாலாப் போன நேரம் அது. தொர ராவோட ராவா ஓடிட்டாரு. கூலியில்லாம சனமெல்லாம் கலஞ்சு, அவங்கவங்க உசிரப் பாத்து நடந்துட்டாங்க. யாரோ கதவப் பூட்டியும் போட்டுட்டாங்க. பொறவு தொறந்து பாத்தா..." ஹாஷிம் கடை வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சொன்ன மாதிரியே படுத்திருந்திச்சாம். ரெண்டு கையும் பக்கத்துல வச்சு, கொஞ்சங்கூட அசையாம. பேரு கூட யாருக்கும் தெரியாது."

ராமலட்சுமி அரிசியைச் சுமந்துகொண்டு திரும்பிய வழியெல்லாம் ஒன்றையே நினைத்தாள். தான் ஒவ்வொருவரிடமும் குனிந்து என்ன சொல்கிறோம்? அசையாமப் படுங்க. நான் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது.

அந்த வாரம்தான் அவள் புருஷன் சின்னராசா விழுந்தான்.

தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டிக்கொண்டிருந்தவன், பலகை உளுத்துப்போன இடத்தில் கால் வைத்துக் கீழே போனான். சிமெண்டுத் தரையில் முதுகடிபட விழுந்தான். அவள் ஓடிவந்தபோது நினைவோடுதான் இருந்தான். நோவில் முகம் சாம்பலாகியிருந்தது.

"காலை ஆட்டுங்க பாப்போம்!"

இரண்டு பெருவிரலையும் ஆட்டிக் காட்டினான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"காலில உயிர் இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா உள்ளுக்க வெடிச்சிருந்தா, ஒரு பிழையான அசைவில நரம்பு அறுந்து போகும். படம் எடுக்காமல் என்னால ஒண்டும் சொல்லேலாது."

"அந்த அறையில வேணாம் ஐயா. கும்பிட்டுக் கேக்கிறேன்."

"மெஷினை வேற எங்க கொண்டு போறது? வயர் அங்கதான் இருக்கு. எலும்பு முறிஞ்சிருக்கெண்டு படத்தில காட்டினாத்தான் துரை பதுளைக்கு அனுப்ப விடுவார். இல்லாட்டி நாளைக்குப் பெரட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாங்கள். உனக்குத் தெரியாதே?"

அவளுக்குத் தெரியும். பெரியாயியைத் தூக்கிப்போனதை அவளும் பார்த்திருக்கிறாள்.

நண்பகலில் அவள் மட்டும் தனியாக அந்த அறைக்குப் போனாள். கதவைத் திறந்தே வைத்தாள். மேசைக்கருகில் மண்டியிட்டு, ஒரு பிரசவக்காரியிடம் பேசுவது போல மெதுவாகப் பேசினாள்.

"அம்மா. அன்னிக்குப் போனவங்க யாரும் இனி வரமாட்டாங்க. நான் வந்திருக்கேன். நீ அசையலாம். எந்திரிச்சுப் போயிரும்மா. எம்புருஷன விட்டுரு."

பலகை ஒருமுறை முனகியது.

அப்புறம் சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தத் திகட்டல் நாற்றம் குறைந்தது. வெளியே பெய்த மழையின் மண்வாசம் உள்ளே வந்தது. அவள் மேசையின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். வெறும் மரமாக, சாதாரணக் குளிரோடு இருந்தது. போய்விட்டாள் என்று நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது?

ஆனாலும் அவனை மல்லாத்தவில்லை. பலகையோடு நாலு பேர் தூக்கிவந்தவனை, தலையும் தோளும் இடுப்பும் ஒரே கட்டாகத் திரும்பும்படி பிடிக்கச் சொல்லி ஒருச்சாய்த்தாள். முழங்காலை மடித்தாள். தலையணையை இடுப்புக்குக் கொடுத்தாள். தகடு அவன் விலாவுக்கு அடியில் இருந்தது. முதுகு எதையும் தொடவில்லை. முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றுத்தான். அடியில் படுத்திருக்கிறவளுக்கு அங்கே இடமே இல்லை.

"அசையாமப் படுங்க," என்று அவன் காதில் சொன்னாள். "நான் சொல்ற வரைக்கும்."

அவன் முகத்துக்கு நேரே நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது. மெஷின் பொரியத் தொடங்கியது.

"மூச்சை அடக்கச் சொல்லு," என்றார் டாக்டர் இருட்டிலிருந்து.

பச்சை வெளிச்சத்தில் சின்னராசாவின் உதடு அசைந்தது.

"லெட்சுமி, முதுகத் தடவாத. கூசுது."

"பேசாதீங்க."

"கைய எடு புள்ள. ஐஸ் மாதிரி இருக்கு."

அவளுடைய இரண்டு கையும் அவன் கைக்குள்தான் இருந்தன.

அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவன் முதுகோடு முதுகாக ஒட்டி, அவனைப் போலவே முழங்காலை மடிக்க முயன்று, மடிக்க முடியாமல், ஒரு கருப்பு உருவம் ஒருச்சாய்ந்து கிடந்தது. அதன் தலைமுடி மேசை விளிம்பிலிருந்து தரைவரை தொங்கியது.

பச்சை அணைந்தது.

டாக்டர் விளக்கேற்றியபோது மேசையில் சின்னராசா மட்டும்தான் இருந்தான். அவள் அவன் கால்மாட்டுக்கு ஓடினாள்.

"விரலை ஆட்டுங்க."

"ஆட்டிட்டுத்தானே இருக்கேன்," என்றான் அவன்.

விரல்கள் அசையவில்லை.

தகட்டில் அவன் முதுகுத்தண்டு வளைவு வளைவாக, ஒரு கீறலும் இல்லாமல், எவ்வளவு அழகாக இருந்தது! அதன் பின்னால் மற்றது. இந்த முறை ஒட்டினாற்போல் இல்லை. அவனுடைய எலும்பின் இடுக்குகளுக்குள் தன் எலும்பைச் செருகிக்கொண்டிருந்தது, கோத்த விரல்கள் மாதிரி. டாக்டர் அந்தத் தகட்டைத் துரைக்குக் காட்ட எடுத்துப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, மருந்துத் தண்ணீரில் கறுத்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டார்.

"துரையிட்ட நான் என்னத்தைச் சொல்ல? முறிவில்லை எண்டுதான் சொல்லவேணும். பதுளைக்குக் கொண்டு போ பிள்ளை. விடியுமுன்னம் எண்டில்லை, இப்பவே போ."

அனுமதியில்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் லயத்தில் குடியிருக்கும் காம்பரா போய்விடும். அவள் பானை சட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். ஆளனுப்பியதும் இரவோடு இரவாக வந்த ஹாஷிம் நானா, வண்டியில் வைக்கோல் பரப்பி, சின்னராசாவை ஏற்றிக்கொண்டார். பசறை இறக்கத்தில் வெயில் வந்தது. சின்னராசா வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். செத்த உணர்ச்சி காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து வயிற்றுக்கும் ஏறிக்கொண்டிருந்தது. அவள் விரலால் அழுத்தி அழுத்திக் கேட்டாள். தெரியுதா? இல்ல. இங்க? இல்ல. இங்க?

"லெட்சுமி," என்றான், பதுளைக்குச் சற்று முன்னால் ஸ்பிரிங்வெளி மலை கண்ணில் பட்டபோது. "இவள எறங்கச் சொல்லேன். எனக்கு எடம் பத்தல."

பதுளைக் கடைத்தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது அவன் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றிருந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை அவள் அதை ஹாஷிமிடம் சொல்லவில்லை.

கடைத்தெருவில் ஒரு செட்டியார் வீட்டு ஆட்கள் புண்ணியமாகட்டும் என்று பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். தூக்கியவர்கள் இடையில் இரண்டு தரம் இறக்கி வைத்தார்கள். மெலிஞ்ச ஆளுக்கு இவ்வளவு பாரமா என்று ஒருவர் கேட்டார். மண் தள்ளி முடிந்ததும் எல்லோரும் குளிக்கப் போனார்கள். அவள் ஹாஷிமின் வண்டியில் ஏறினாள். லுணுகலையில் அவளுக்கு ஒரு தூரத்துச் சின்னம்மா இருந்தாள். வேறு போக்கிடம் கிடையாது.

பசறைக்கு அப்பால் ஏற்றம் தொடங்கியதும் மாடுகள் திணறின. வாயில் நுரை தள்ளியது. பட்டப்பகலில் மூடுபனி இறங்கித் தேயிலைச் செடிகளை ஒவ்வொரு வரிசையாக மூடிக்கொண்டு வந்தது. ஹாஷிம் இறங்கி, சக்கரத்தைத் தோளால் முட்டிப் பார்த்தார்.

"வெறும் வண்டி தங்கச்சி. ஒரு மூட்ட உப்புக்கூட ஏத்தல. ஏன் இப்படிக் கனக்குது?"

அச்சு முனகியது. சக்கரங்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன.

ராமலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

வைக்கோல் இரண்டு இடத்தில் அமுங்கியிருந்தது. பக்கத்தில் பக்கத்தில். தலைக்கு ஒரு பள்ளம், தோளுக்கு, இடுப்புக்கு, நீட்டிய கால்களுக்கு.

ஹாஷிமும் பார்த்தார். அவர் உதடுகள் கலிமா சொல்லின. நுகத்தை அவிழ்த்து மாடுகளை வெளியே இழுத்தார்.

"எறங்கு புள்ள. வண்டி கெடக்கட்டும். நடந்துருவம்."

அவள் இறங்கவில்லை. வைக்கோலில் மண்டியிட்டு, அகலமான பள்ளத்தின் மேல் கையை வைத்தாள். அந்தக் குளிர் அவளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் தோளின் அளவு அவள் புருஷனுடையது.

"என்னங்க," என்றாள். "படமெல்லாம் எடுத்து முடிஞ்சிருச்சு. இனி அசையலாம். எந்திரிங்க. எந்திரிச்சுப் போயிருங்க."

மாட்டுக் கழுத்து மணி பனிக்குள் விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஹாஷிம் எங்கிருந்தோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் குனிந்து காத்திருந்தாள்.

காதோரம், மூச்சே இல்லாத குரலில் அவன் சொன்னான்.

"கால் வரலியே, லெட்சுமி."

அடுத்த பள்ளத்திலிருந்து, அவள் இதுவரை கேட்டேயிராத ஒரு பெண்குரல், மன்னிப்புக் கேட்பது போல மெதுவாக வந்தது.

"எனக்கும் வரலம்மா. நீ சொன்னப்பவே எந்திரிக்கத்தான் பாத்தேன்."